மலையகத்தின் மனவடுவை எழுதிய சி.வி. வேலுப்பிள்ளை

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் சி.வி. வேலுப்பிள்ளை என்ற பெயரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. கவிஞர், நாவலாசிரியர், தொழிற்சங்கவாதி, பாராளுமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் அறியப்பட்டவர் அவர். நாம் இங்கு நோக்க விழைவது அவரது மற்றொரு பணியை. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக உள்ளத்தில் சுமந்துவந்த காயத்தைக் கேட்டறிந்து அதற்கு எழுத்துருக் கொடுத்த பணியே அது.

போர், வன்செயல், இயற்கை அனர்த்தம் போன்றவற்றுக்கு ஆளானோர் அந்நிகழ்வு முடிந்து நெடுங்காலம் சென்ற பின்னரும் அதனை மீண்டும் மீண்டும் அனுபவிப்பதுண்டு. தீக்கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், உறவுகளிலிருந்து ஒதுங்குதல் முதலியன அதன் அறிகுறிகள். இதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டிலேயே இதனைத் தனியொரு நோயாக வகைப்படுத்தியது. இத்தகைய வடு தனிமனிதரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரத் தாக்குகிறது என்பதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது ஆய்வுகளில் விரிவாக விளக்கியுள்ளார். வடக்கு கிழக்கைப் பற்றி இவ்வாறு பேசப்பட்ட அளவுக்கு மலையகத்தைப் பற்றிப் பேசப்படவில்லை. அக்குறையை இலக்கியத்தின் வழியே முன்கூட்டியே நிறைவு செய்தவர் சி.வி. என்பது எமது கருத்து.

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தின் மடக்கும்பரைத் தோட்டத்தில், கங்காணிக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். லயக் காம்பராவில் அடைந்து கிடந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எட்டாத கல்வி அவருக்குக் கிட்டியது. ஹட்டனிலும் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் பயின்று, ஆங்கிலத்தில் கவிதை புனையும் ஆற்றலையும் பெற்றார். அவ்வளவில் தோட்டத்தை மறந்து நகரத்துக் கனவானாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் தம் ஆங்கிலத்தையும் தமிழையும் கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றி எழுதுவதற்கே பயன்படுத்தினார்.

தோட்ட மக்களிடையே வழங்கிய நாட்டார் பாடல்களை அவர் தேடித் தொகுத்தார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்குத் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியுமே வரலாற்று ஏடுகளாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் பெயர்க்கப்பட்டவர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்தனர். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. உரிய சடங்கின்றி விட்டுவரப்பட்டவர்களுக்கான துயரம் ஆற்றப்படாமலே அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தது. அவர் தொகுத்த பாடல்கள் 1983இல் மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற பெயரில் நூலாயின.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் போட்டியிட்டு அவர் பாராளுமன்றம் சென்றார். அத்தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. சௌமியமூர்த்தி தொண்டமானும் அப்துல் அஸீஸும் முன்னின்று வளர்த்த இயக்கம் அது. ஓர் இந்துத் தலைவரும் ஒரு முஸ்லிம் தலைவரும் ஒரே மேடையில் நின்று தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த அக்காலம் இன்றைய தலைமுறையினர் நினைவில் இருத்த வேண்டியதாகும்.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை ஒரே எழுத்தில் நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அவர்களை விண்ணப்பக்காரராக்கியது. அதன் பெயரே உணர்த்துவது போல, இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதே வாசலில் காத்திருக்க நேர்ந்தது. வாக்குரிமையும் பறிபோனது. 1952இல் காங்கிரஸ் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சி.வி.யும் பங்கேற்றார். ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்ட மக்களால் தம் பிரதிநிதி எவரையும் தெரிவுசெய்ய இயலவில்லை. உடலில் காயமின்றி, இரத்தம் சிந்தாமல் ஒரு சமூகத்தை நிலைகுலையச் செய்ய முடியும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. தான் எந்நாட்டுக்குரியவன் என்ற வினாவுக்கு விடையற்று வாழ்வதும் ஒரு மனவடுவே.

ஆசனத்தை இழந்த சி.வி. எழுதுகோலை இழக்கவில்லை. ஆங்கிலத்தில் அவர் இயற்றிய நெடுங்கவிதை, சக்தீ பாலஐயாவின் தமிழாக்கத்தில் தேயிலைத் தோட்டத்திலே என 1969இல் வெளிவந்தது. விடியற்காலைப் பெரட்டுத் தப்பின் ஓசையில் துயிலெழும் மக்களை அதிலே காண்கிறோம். உழைத்து மாண்டவர்கள் கல்லறையோ நினைவுச் சின்னமோ இன்றித் தேயிலைச் செடிகளுக்கு உரமாகிப்போன அவலத்தை அவர் அதிலே பாடினார். ஓர் இனத்தின் மறக்கப்பட்ட மரணங்களுக்கு அக்கவிதையே நடுகல்லாயிற்று எனலாம்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், சுமார் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகள் மறு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். இந்த அநீதியின் வரலாற்றைக் கூறும் அவரது நாடற்றவர் கதை, அவர் மறைந்த பின்னர் நூலுருப் பெற்றது.

பின்னர் வந்தவை தீயும் கத்தியும். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்செயல்களில் லயங்கள் எரிக்கப்பட்டன. மக்கள் தேயிலைப் பற்றைகளிலும் காடுகளிலும் இரவுகளைக் கழித்தனர். வன்செயலின் நிழலில் வாழும் மலையகத் தமிழரின் அவலத்தை இனிப் படமாட்டேன் என்ற நாவலில் சி.வி. எழுதினார். தொழிலாளர் தேசிய சங்கத்தின் பணிகளிலும் எழுத்திலும் இறுதிவரை ஈடுபட்டிருந்த அவர், 1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி காலமானார்.

அவருக்குப் பின்னும் துயரம் ஓயவில்லை. மலையகத்திலிருந்து தப்பி வன்னியில் குடியேறியோர், 2009ஆம் ஆண்டு வரையான போரில் மீண்டும் அனைத்தையும் இழந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இவ்வாறே பிறந்த மண்ணைப் பிரிந்த வேதனையைப் பிள்ளைகளுக்குக் கையளித்துள்ளனர். ஒருவர் காயத்தை மற்றவர் அறிந்துகொண்டால் மாத்திரமே இரு சமூகங்களும் ஒன்றையொன்று ஆற்றுப்படுத்த முடியும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை மீண்டும் மண்சரிவுகளால் சிதைத்தது. அத்தகைய அழிவைக் கண்டவர்களுக்கு மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் அச்சத்தின் இரவாகிவிடுகிறது. உலர் உணவுப் பொதியோடும் தற்காலிகக் கூரையோடும் நிவாரணம் முடிந்துவிடுவதில்லை. உறக்கமின்மையையும் நெஞ்சுப் படபடப்பையும் சோம்பலென்றோ பேய்க்குற்றமென்றோ ஒதுக்காது, அவர்களது தமிழிலேயே கேட்டறியும் உளவளத்துணையாளர் தோட்ட மருத்துவ நிலையந்தோறும் தேவை.

இது எட்டாத கனவன்று. உளமருத்துவர்கள் மிகக் குறைவாகவுள்ள ஆபிரிக்க நாடான சிம்பாப்வேயில், 2006ஆம் ஆண்டில் பாட்டிமார்களுக்குப் பயிற்சியளித்து, மரத்தடி வாங்குகளில் அமர்ந்து துயருற்றோரின் கதையைக் கேட்கும் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. அதிகம் யோசித்தல் என்று அந்நாட்டு மக்கள் தம் மொழியில் கூறும் துன்பத்தை, அந்த மொழியிலேயே பேசித் தணிக்கும் முறை அது. எமது தோட்டங்களிலும் பிள்ளைமடுவப் பெண்களும் மூத்த தாய்மாரும் உள்ளனர். உரிய பயிற்சியும் மருத்துவரின் மேற்பார்வையும் வழங்கப்பட்டால் அவர்களால் இப்பணியைச் செய்ய முடியும்.

கதையும் கவிதையும் மருந்தாகிவிடமாட்டா. ஆயினும் நோயாளி வாய்திறப்பதே சிகிச்சையின் முதற்படி. அவ்வாறு ஒரு சமூகத்தை வாய்திறக்கச் செய்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. அவர் பெயரில் விழா எடுப்போரும் மாலை சூட்டுவோரும், அவர் செவிகொடுத்த அம்மக்களுக்குச் செவிகொடுக்க முன்வருவதே அவருக்குச் செய்யும் மெய்யான கௌரவமாகும்.