நாவலரவர்களும் பிரமாணங் கேட்குங் கல்வியும்

சைவாசிரியர்காள்! மாணாக்கனொருவன் எழுந்து, இதற்குப் பிரமாணம் யாதென்று வினவும்போது நாம் மகிழ்கின்றோமா, முகஞ்சுளிக்கின்றோமா? நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய சரித்திரத்தை இவ்வினாவை முன்வைத்தே ஈண்டுச் சிந்திக்கப் புகுந்தோம்.

நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆந் திகதி, கந்தருக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார்கள். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் தமிழ் கற்றார்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார்கள்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு, அவர்கள் அங்கே கண்டது யாதென்பது ஒருவாறு விளங்கும். அச்சமயத்தார் தம் பிள்ளைகளின் கையிற் புத்தகத்தைக் கொடுத்தனர். சைவருட் பலரோ, ஏட்டிலுள்ளதைக் கற்றார் சிலர் சொல்லக் கேட்டு அமைந்திருந்தனர். சொன்னவர் தவறினும், கேட்டவர் அறிதற்கு வழியில்லை.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலரவர்கள் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார்கள். மறுவருடம் மிஷன் உத்தியோகத்தைத் துறந்து, அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1849-இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்களுக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர். அச்சியந்திரம் வாங்கி, பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் அச்சிட்டார்கள். 1852-இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார்கள். சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு, எளிய வசனத்திலே எழுதினமையால், எழுத்தறிந்தோர் பிறர் துணையின்றித் தாமே வாசித்தல் கூடியதாயிற்று.

அன்று தொட்டுத் தலைவருக்கும் அவர்வழி நிற்போருக்கும் உள்ள தொடர்பு மாறியது. குலமுஞ் செல்வமும் பதவியும் மாத்திரம் தலைமைக்குப் போதாவாயின, நூற்பிரமாணமும் வேண்டப்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நடத்தியோரை ஆகமவிதி கொண்டு நாவலரவர்களே கண்டித்தார்கள். 1876, 1877-ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்ததோடு அமையாது, அரசாங்க அதிபர் துவைனந்துரையின் செய்கையையும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். 1879-இல் சட்டநிரூபண சபைக்கு இளைஞராகிய பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5-ஆந் திகதி சிவபதமடைந்தார்கள்.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. நாவலரவர்கள் சாதிவேறுபாட்டைக் காத்தவர்கள். அவர்கள் மூட்டிய கல்விவிளக்கு எல்லார் மனைக்கும் ஒப்ப ஒளி தரவில்லை. கோயில் வாயிலிலும் பாடசாலை வாயிலிலும் தடுக்கப்பட்டோர் பிற்காலத்திலே தாமுங் கற்று, தமக்குரியதைக் கேட்டனர். பிரமாணங் கேட்கக் கற்பித்தவரையும் அப்பிரமாணத்தாலேயே அளத்தல் குருநிந்தையன்று; அவர் கற்பித்த பாடத்தின் பயனேயாம்.

எமது வத்தேகமையைச் சூழ்ந்த மலைகளிலும் இவ்வுண்மையைக் காணலாம். முற்காலத்திலே தோட்டத்தொழிலாளர் கங்காணியின்கீழ்க் கடன்பட்டுக் கிடந்தனர். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போமென்று தோட்டத்துரை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். தம்மைப் பிணித்த அச்சீட்டைத் தாமே வாசிக்க மாட்டாதவர் அவருட் பலர். வாசிக்க மாட்டாதவன், காட்டிய வழியே செல்லுதலன்றி வேறென் செய்வான்? 1921-இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும், வாசித்து ஆராயும் வன்மையைச் சட்டம் தராது, பாடசாலையே தரும்.

அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்று நம் முன்னே வாங்குகளில் இருக்கின்றனர். தேவாரத்தை மனனஞ் செய்விக்கும் நாம், அதன் பொருளை வினவவும் அவர்களுக்கு இடங்கொடுப்போமாக. அவ்வினா ஒருநாள் நம்மையே நோக்கி வருமாயினும், அதற்கு அஞ்சாதிருத்தலே நாவலரவர்களுக்கு நாம் செய்யும் குருபூசையாகும்.