பிரித்துப் பார்த்த பெருமகன்

திருவையாற்றிலிருந்து வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் திருச்சிக்குப் புறப்படும் சிறிய வேன் ஒன்றுதான் எங்கள் குடும்பத்திற்குச் சோறு போடுகிறது. டீசல் செலவு போக மிஞ்சுவது சொற்பமே. வண்டியை விற்றுவிடலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அண்ணனோ, பிளைவுட் பலகையில் தகரம் அடித்து, ஓட்டுநர் கூண்டின் மேல் சாய்வாகப் பொருத்தினார். எதிர்காற்று பாரத்தில் மோதாமல் மேலேறிப் போகுமாம், டீசல் மிச்சமாகுமாம். கல்லூரியில் படிக்கும் நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன். காரணம், நூலகத்தில் நான் படித்த ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை.

கோவை மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்ட நாள்முதல் அவருக்கு வேறு நினைவில்லை. கோவையில் உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை பார்த்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை! ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் படித்த பல்கலைக்கழகம்.

1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். ஒன்று பலவாகி, யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. 1937இல் பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கி, கோவையின் தொழில் வளத்திற்கு வித்திட்டார். மின்சவரக் கத்தி முதல் பருத்தி, பப்பாளி ஆய்வு வரை அவர் தொடாத துறை குறைவு. 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றத் துணை நின்றார். அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பல ஆண்டுப் படிப்பைக் குறுகிய காலத்திலேயே கற்பிக்கலாம் என வாதாடினார். அது ஏற்கப்படாமற் போகவே விலகினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

இதைப் படித்த மாலை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அண்ணனிடம் சென்றேன். ஒருநாள் பலகையோடும் மறுநாள் பலகையின்றியும் வண்டியை ஓட்டினோம். ஒரே அளவு பாரம். டயரில் ஒரே அளவு காற்று. தஞ்சையில் ஒருமுறை, திருச்சியில் ஒருமுறை டாங்கியை விளிம்புவரை நிரப்பிக் கணக்கெடுத்தோம். ஐந்து ஆறுகளைக் கடந்து தஞ்சை வரும் குறுகிய சாலையில் வேறுபாடே இல்லை. நாற்கரச் சாலையிலோ ஒவ்வொரு முறையும் சிறிதளவு டீசல் மிஞ்சியது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆனால் அதைச் சாலையில் கண்டவர் அண்ணன்!

மிச்சம் பெரிதன்று; அப்பாவின் கவலை முற்றும் தீர்ந்துவிடவுமில்லை. ஆயினும் வண்டி இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. நண்பர்களே, பட்டம் பெறாத கைகளைக் கண்டு நகைக்குமுன், நாம் ஒரு திருகையாவது கழற்றிப் பார்த்திருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.