பாட்டைப் பிடிக்க வந்த டச்சுக்காரர்

செஞ்சின்னு சொன்னா எல்லாருக்கும் கோட்டையும் ராஜா தேசிங்கு கதையும்தான் ஞாபகம் வரும். அந்த ஊர்க்காரனான எனக்கு அதோட இன்னொன்னும் சேர்ந்து வரும்: திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற தெருக்கூத்து. செகண்ட் இயர் லீவில் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை எடுத்துக்கிட்டு, சுத்துப்பட்டு ஊர்களில் மூணு ராத்திரி கூத்து ரெக்கார்டு பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டா சொதப்பல். பாதி நேரம் ஜெனரேட்டர் சத்தம். மலைக்காத்து மைக்கில் மோதி படபடன்னு ஒரு இரைச்சல். ஆட்டோ லெவலை ஆஃப் பண்ண மறந்திருந்தேன். அதனால் மத்தளம் பலமா விழுந்தா பாட்டு அமுங்கிடும், பாட்டு நின்னா ஜெனரேட்டர் மேலே எழும்பிடும்.

அதைவிடப் பெரிய தப்பு போன வருஷம்தான் தெரிஞ்சது. அந்தக் குழுவில் முகவீணை வாசிச்ச பெரியவர் தவறிட்டார். அப்பா வாசிச்சது ஏதாவது இருக்கான்னு அவர் மகன் என்னிடம் கேட்டார். என்கிட்ட இருந்தது ஒன்று முதல் பதினாலு வரை நம்பர் போட்ட ஃபைல்கள் மட்டும். அந்தக் குழுவில் முகவீணைக்காரங்க ரெண்டு பேர், மாறி மாறி வாசிப்பாங்க. எது எந்த ஊர், எது யார் வாசிச்சதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

நல்லா ரெக்கார்டு பண்றது எப்படின்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சது அப்புறம்தான். அப்போ கிடைச்ச பேர் ஆர்னால்ட் பாக்கே. இந்திய இசையை ஆராய்ச்சி பண்றவங்க நடுவில் ரொம்பப் பிரபலம். நம்ம காலேஜில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

பாக்கே 1899 மே 19 அன்று நெதர்லாந்தில் ஹில்வர்ஸும் ஊரில் பிறந்தார். படிச்சது சமஸ்கிருதம். நல்லாப் பாடவும் செய்வார். 1925இல் மனைவி கோர்னேலியாவோடு சாந்திநிகேதனுக்கு வந்து, நாலு வருஷம் தங்கி இந்திய இசை படிச்சார். தாகூரின் பாட்டுகளைக் கத்துக்கிட்டு அவரே மேடையில் பாடுவார். அவற்றில் சிலவற்றை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதிப் புத்தகமாகவும் போட்டார். ஊர் திரும்பி, தாமோதரரின் சங்கீத தர்ப்பணம் என்ற சமஸ்கிருத நூலை ஆராய்ந்து 1930இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

ஓலையில் இருக்கிற இசை இலக்கணத்தைப் படிச்சவருக்கு, தெருவிலும் கோவில் வாசலிலும் வயலிலும் பாடுறவங்களைக் கேட்கணும்னு ஆசை வந்தது. 1931இல் மறுபடி இந்தியா வந்தார். இந்தத் தடவை கையில் மெழுகு உருளை ஃபோனோகிராஃப் இருந்தது. பதிவுகள் பெர்லினில் இருந்த ஒலிக் காப்பகத்துக்குப் போயின.

இந்த மெஷினைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். கரண்ட் கிடையாது, மைக் கிடையாது, வால்யூம் திருகும் கிடையாது. சாவி கொடுத்தா ஸ்பிரிங் மோட்டார் உருளையைச் சுத்தும். பாடுறவர் ஒரு கூம்புக்குள் வாயை நீட்டிப் பாடணும். அந்தக் காத்தின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். ஒரு உருளையில் சில நிமிஷம்தான் பிடிக்கும். ஒவ்வொரு தடவை போட்டுக் கேட்கும்போதும் மெழுகு தேயும். அப்போ சுத்தமா ரெக்கார்டு பண்ண இருந்த ஒரே வழி தூரத்தைச் சரி பண்றது. யாரைக் கூம்புக்குப் பக்கத்தில் நிறுத்தணும், தாளக்காரரை எவ்வளவு தள்ளி உட்கார வைக்கணும்னு முடிவு பண்றதுதான் மிக்ஸிங்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் வேகம் கொஞ்சம் மாறினா சுருதியே மாறிடும். அதனால் பாட்டுக்கு முன்னால் ஒரு சுருதிக்குழலை ஊதிப் பதிவு பண்ணும் பழக்கத்தை பெர்லின் காப்பகம் தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. பின்னால் கேட்கிறவர் அந்தச் சுருதி சரியா வர்ற வரைக்கும் வேகத்தைத் திருத்திக்கலாம். நாம இப்போ சிக்னல் ப்ராசஸிங் லேபில் ரெஃபரன்ஸ் டோன் வைக்கிற அதே ஐடியா.

மூணாவது பயணம் 1937இல் ஆரம்பிச்சது. 1938இல் அவர் தென்னிந்தியாவில் சுத்தினார். இப்போதைய தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணும் அதில் அடங்கும். இந்தத் தடவை டெஃபி என்ற ஜெர்மன் மெஷின் கூட வந்தது. மைக்கும் ஆம்ப்ளிஃபையரும் உண்டு. சினிமா ஃபிலிம் மாதிரியான நாடாவில் பள்ளம் கீறிப் பதியும். மெழுகு உருளையைவிட ரொம்ப நேரம் ஓடும். முழுப் பாட்டையும் முதல் முறையா வெட்டாமல் பிடிக்க முடிஞ்சது. பக்கத்தில் ஒரு 16 மில்லிமீட்டர் கேமராவும் வச்சிருந்தார். ஆனால் அது ஊமைப்படம். சத்தம் ஒரு மெஷினில், ஆட்டம் இன்னொரு மெஷினில். ரெண்டையும் சேர்க்கணும்னா எது எதோட போகும்னு எழுதி வச்ச குறிப்புதான் கதி.

இரண்டாம் உலகப்போர் வந்ததால் யுத்த வருஷங்களை இந்தியாவிலேயே கழிச்சார். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் கிழக்கத்திய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் சமஸ்கிருதமும் இந்திய இசையும் சொல்லிக் கொடுத்தார். 1950களில் நேபாளத்துக்கு மறுபடி போய்ப் பதிவு பண்ணினார். 1963 அக்டோபர் 8 அன்று லண்டனில் காலமானார்.

அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பதிவுகள் ஐரோப்பாவுக்குப் போயின. பாடினவங்க ஊரிலேயே இருந்தாங்க. அந்தக் காலத்து ஆராய்ச்சியே அப்படித்தான், பாக்கே மட்டும் விதிவிலக்கு இல்லை.

ஆனா கதை அதோட முடியலை. லண்டனில் அவரிடம் படிச்ச மாணவர் நசீர் ஜெயராஜ்பாய். 1984இல் அவரும் ஏமி கேட்லினும் பாக்கேயின் ஒலிப்பதிவுகளையும் படங்களையும் எடுத்துக்கிட்டு அதே மூணு மாநிலங்களுக்கு வந்தாங்க. ஊர் ஊராப் போய், 46 வருஷத்துக்கு முன்னால் பதிஞ்சதை அந்தந்த ஊர்க்காரங்களுக்கே போட்டுக் காட்டினாங்க. எது இன்னும் உயிரோட இருக்கு, எது மாறிப்போச்சு, எது நின்னே போச்சுன்னு அவங்ககிட்டயே கேட்டுப் பதிவு பண்ணினாங்க. இப்போ பாக்கே பதிவுகளின் பிரதிகள் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் உள்ள ஏ.ஆர்.சி.இ. ஒலிக் காப்பகத்திலும் இருக்கு.

இதைப் படிச்சதும்தான் எனக்கு உறைச்சது. பாக்கேயின் பதிவுகளில் இரைச்சல் இருக்கும். இன்னைக்கு என் ஃபோன் கூட அதைவிடத் துல்லியமாப் பதியும். ஆனால் அவருடையதை 46 வருஷம் கழிச்சு ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர முடிஞ்சது. என்னுடையதை ரெண்டு வருஷத்தில் ஒரு மகனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியலை. சத்தம் இல்லாம இருக்கிறது பாதிச் சுத்தம். யாருடையது, எங்கே, எப்போன்னு தெரியுறது மீதிப் பாதி.

இப்போ நான் பண்றது இதுதான். ஆட்டோ லெவல் ஆஃப். உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி கெயின். மைக்குக்குக் காத்துத் தடுப்பு உறை. ஜெனரேட்டருக்கு முதுகு காட்டி, பாடுறவருக்குக் கிட்டே இடம். ஆரம்பத்தில் என் குரலிலேயே தேதி, ஊர், அன்னைக்குக் கூத்து, வாசிக்கிறவங்க பேர். முடிஞ்சதும் ஒரு காப்பி அவங்களுக்கு.

போன மாசம் அந்தப் பதினாலு ஃபைலையும் எடுத்துக்கிட்டு அந்த மகன் வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாரா இருந்தேன். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு ஒவ்வொன்னா கேட்டார். ஜெனரேட்டர் சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மூணாவது ஃபைல் ஓடிக்கிட்டு இருக்கும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மூச்சு எடுக்கிற விதத்திலேயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மொத்தம் நாலு ஃபைல் அவர் அப்பாவுடையது. எந்த ஊர், எந்த ராத்திரின்னும் அவரே சொன்னார்.

அங்கேயே உட்கார்ந்து அந்த நாலு ஃபைலுக்கும் நம்பரை அழிச்சிட்டு அவர் அப்பா பேரை டைப் பண்ணினேன். மீதிப் பத்தில் இருக்கிறவங்க பேரையும் அவர்கிட்டயே கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன்.