கணக்குக் கேட்ட பக்தர்: பத்ராசலம் ராமதாசர்

துன்பம் நேரும்போது இறைவனிடம் முறையிடலாமா? அது பக்திக் குறைவு ஆகாதா? சாதகர்கள் பலரது மனத்தில் இந்த ஐயம் எழுவதுண்டு. வருவதையெல்லாம் இறைவனின் பிரசாதமாக ஏற்பதே உயர்ந்த நிலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிலையை எல்லோரும் ஒரே தாவலில் எட்டிவிடுவதில்லை. அழுதும், ஏசியும், ஏசியதற்காக மன்னிப்பு வேண்டியும் அதை நோக்கி நடந்தவர் பத்ராசலம் ராமதாசர்.

அதிகாரியும் ஆலயமும்

17-ஆம் நூற்றாண்டில், இன்றைய தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்திலுள்ள நேலகொண்டபல்லியில் அவர் பிறந்தார். இயற்பெயர் கஞ்சர்ல கோபன்னா. தந்தை லிங்கன்னா, தாய் காமாம்பா. கோல்கொண்டாவை ஆண்ட குதுப் ஷாஹி வம்சத்தின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானீஷா (1672-1687). அவரது அரசில் செல்வாக்கு மிக்க அமைச்சர்களாக விளங்கிய அக்கன்னா, மாதன்னா சகோதரர்கள் கோபன்னாவின் நெருங்கிய உறவினர்கள். அவர்களது ஆதரவால் பால்வஞ்சா பகுதியின் வரி வசூலிக்கும் தாசில்தார் பதவி அவருக்குக் கிடைத்தது.

அந்தப் பகுதியில், கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்தில், ராமபிரானின் திருமேனி ஒன்று இருந்தது. தம்மக்கா என்ற எளிய பெண்மணி அதைக் கண்டெடுத்து, பந்தலிட்டு, பழங்களைப் படைத்து வழிபட்டு வந்தாள் என்பது மரபு. நான்கு கரங்களில் சங்கும் சக்கரமும் வில்லும் அம்பும் ஏந்தி, இடது மடியில் சீதாபிராட்டியை அமர்த்தி, அருகில் லட்சுமணன் நிற்க எழுந்தருளியுள்ள அபூர்வக் கோலம் அது. தம் தெய்வம் பந்தலின் கீழ் இருப்பதைக் காணப் பொறுக்கவில்லை கோபன்னாவுக்கு. கோயில் எழுப்பினார், மதில்களும் கோபுரமும் மண்டபங்களும் அமைத்தார், நகைகள் செய்து பூட்டினார். இதற்கு அரசுக்குச் சேரவேண்டிய வரிப்பணம் செலவாயிற்று. அது ஆறு லட்சம் வராகன் என்று மரபு கூறும். சுல்தானின் முன் அனுமதி பெறப்படவில்லை. கோபன்னா கோல்கொண்டாச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இங்கே ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. அரசனின் கோபத்திற்குக் காரணம் இருந்தது. ராமதாசரின் துன்பம் குற்றமே அறியாத ஒருவரின் துன்பம் அன்று. நம்மில் பெரும்பாலோரின் துன்பமும் அத்தகையதே. நம் செயலும் விதியும் அதில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அவரது முறையீடு நமக்கு இவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது.

சிறையிலிருந்து எழுந்த குரல்

சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது என்பது பரம்பரைச் செய்தி. அவர் இருந்ததாகக் கூறப்படும் சிறையின் சுவரில் செதுக்கப்பட்டுள்ள ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் உருவங்களைக் கோல்கொண்டாக் கோட்டைக்குச் செல்பவர்கள் இன்றும் காணலாம். பசியும் கசையடியும் அன்றாட வாழ்க்கையாயின. அந்த வேதனையில் பிறந்தவையே அவரது கீர்த்தனைகளுள் பல.

ஒரு பாடலில், ராமன் வாய் திறந்து பேசாததைக் கண்டு, அவன் பேச்சு பொன்னைப்போல் கிடைத்தற்கரியதாகிவிட்டதோ என்று ஏங்குகிறார். இன்னொன்றில் சீதாபிராட்டியை நாடி, தனக்காகக் கணவனிடம் பரிந்து பேசும்படி வேண்டுகிறார். மற்றொன்றிலோ பக்தர் கணக்கராகிறார். மதில் கட்டினேன், மண்டபம் அமைத்தேன் என்று தொடங்கி, பரதனுக்கும் சத்ருக்னனுக்கும் லட்சுமணனுக்கும் சீதைக்கும் செய்த நகைகளை வரிசைப்படுத்தி, பத்தாயிரம் பத்தாயிரமாகச் செலவுக் கணக்கைப் படிக்கிறார். முடியில் ஆபரணம் சூடி மிடுக்காக உலவுகிறாயே, இதெல்லாம் யார் அப்பன் வீட்டுப் பணம், உன் தந்தை தசரதன் கொடுத்ததா, மாமனார் ஜனகன் அனுப்பியதா என்று கேட்டுவிடுகிறார்.

ஆனால் அதே பாடலிலேயே அவர் மனம் உருகிவிடுகிறது. அடி தாங்காமல் ஏசிவிட்டேன், வருந்தாதே என்று அந்த ராமனையே சமாதானம் செய்கிறார். அடிபட்டவர் தாம், ஆனால் தம் சொல்லால் இறைவன் நொந்திருப்பானோ என்று கலங்குபவரும் அவரே.

மௌனத்தின் பொறுமை

ராமன் ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் மௌனமாக இருந்தான்? முற்பிறவியில் கோபன்னா ஒரு கிளியைப் பன்னிரண்டு நாட்கள் கூண்டில் அடைத்து வைத்திருந்தார். அந்த வினை தீரும்வரை பகவான் காத்திருந்தான் என்பது ஹரிகதை மரபு தரும் விடை. மற்றொரு விடை அந்தப் பாடலிலேயே இருக்கிறது. நான் செய்தேன், நான் செய்தேன் என்று அவர் சொல்லிச் சொல்லி ஓயும்வரை, அந்த ஏச்சு முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான் இறைவன். குழந்தை மார்பில் அடித்து அழும்போது தாய் அதைக் கீழே இறக்கிவிடுவதில்லை. தெய்வத்தின் பொறுமையும் அத்தகையதே.

பின்னர் ஓர் இரவில் இரு வீரர்கள் தானீஷாவின் முன் தோன்றி, ராமதாசரின் சேவகர்கள் என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டு, ராம முத்திரை பொறித்த பொற்காசுகளால் கடன் முழுவதையும் செலுத்தி ரசீதும் பெற்றுச் சென்றனர் என்பது புகழ்பெற்ற வரலாறு. கணக்குக் கேட்டவருக்குக் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஆனால் அதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். தாம் இறைவனுக்குக் கொடுத்ததாக அவர் எண்ணியிருந்த கோயிலுக்கு இறைவனே முழு விலையையும் கொடுத்துவிட்டான். நான் கொடுத்தேன் என்று சொல்ல இனி ஒரு காசும் மிச்சமில்லை. சிறைக்கதவு திறந்தபோது அதைவிட இறுக்கமான இன்னொரு கதவும் திறந்தது.

விடுதலை பெற்ற ராமதாசர் மகிழவில்லை. அழுதார் என்கிறது மரபு. சுல்தானுக்குக் கிடைத்த தரிசனம் தமக்குக் கிடைக்கவில்லையே என்பதே அவரது கடைசிக் குறை. அதில் பணமில்லை, நகையில்லை, கசையடியில்லை. இறைவன் மட்டுமே இருந்தான். ஒரு முறையீடு இவ்வளவு தூய்மையடைய முடியுமானால், அது பக்திக்குப் பகையாவது எப்படி?

1687-இல் கோல்கொண்டா அவுரங்கசீப்பிடம் வீழ்ந்தது. தானீஷா தம் எஞ்சிய நாட்களைத் தௌலதாபாத் கோட்டையில் கைதியாகவே கழித்தார். அரசு மறைந்தது; சிறையில் பிறந்த பாடல்கள் மறையவில்லை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் (1767-1847) தமக்குத் துன்பம் வந்தபோது, ராமதாசரின் தளையை நீக்கிய செய்தியை ராமனுக்கே நினைவூட்டிப் பாடினார். ஒருவரின் முறையீடு மற்றொருவரின் நம்பிக்கையாயிற்று.

துன்பத்தில் நாமும் குறை சொல்லத்தான் செய்கிறோம். அண்டை அயலாரிடமும் உறவினரிடமும் சொல்கிறோம். அது கசப்பாகவே திரும்பி வருகிறது. ராமதாசர் தம் குறையை ராமனைத் தவிர வேறெவரிடமும் கொண்டு செல்லவில்லை. கோபம் வந்தாலும் அவன்மீதே கோபம். அழுகை வந்தாலும் அவனிடமே அழுகை. கேட்பவன் பொறுமையுள்ளவன். நம் கணக்கு எவ்வளவு நீண்டதாயினும் அவன் கேட்டு முடிப்பான்.