வில்லியம் மார்ட்டன்

வில்லியம் தாமஸ் கிரீன் மார்ட்டன் (ஆகஸ்ட் 9, 1819 – ஜூலை 15, 1868) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். 1846 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள் பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈத்தர் ஆவியைக் கொண்டு நோயாளி ஒருவரை மயக்கமுறச் செய்து, வலியின்றி அறுவைச் சிகிச்சை செய்ய இயலும் என்பதை மருத்துவர்கள் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்டினார். ஈத்தரை அறுவைச் சிகிச்சையில் முதன்முதலில் பயன்படுத்தியவர் இவர் அல்லர். எனினும் அம்முறை உலகெங்கும் பரவியது இந்நிகழ்விற்குப் பின்னரே ஆகும். அதனைத் தம் தனி உடைமையாக்கிக் கொள்ள இவர் மேற்கொண்ட முயற்சிகளும் அவற்றால் எழுந்த பூசலும் இவருடைய எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டு சென்றன.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறுவைச் சிகிச்சை என்பது நோயாளி முழு நினைவுடன் இருக்கும்போதே செய்யப்பட்டது. மதுவும் அபினும் வலியை ஓரளவே குறைத்தன. வலிமை மிக்க உதவியாளர்கள் நோயாளியை அசையாமல் பிடித்துக்கொள்ள, மருத்துவர் இயன்ற அளவு விரைவாகத் தம் பணியை முடிப்பார். காலை அகற்றுதல், மேலோட்டமான கட்டிகளை நீக்குதல் போன்ற சிலவகைச் சிகிச்சைகளே பெரும்பாலும் நடைபெற்றன. வயிறு, மார்பு ஆகியவற்றின் உட்பகுதிகளில் மருத்துவர்கள் கைவைக்க அஞ்சினர்.

ஈத்தர் எனும் நீர்மம் 16 ஆம் நூற்றாண்டு முதலே அறியப்பட்டிருந்தது. சாராயத்தைக் கந்தக அமிலத்துடன் சேர்த்து வெப்பப்படுத்தி இது தயாரிக்கப்பட்டது. எளிதில் ஆவியாகும் இந்நீர்மத்தை முகர்ந்து களிப்படைவது அக்கால அமெரிக்க இளைஞர்களிடையே ஒரு கேளிக்கையாக இருந்தது. ஆயினும் இதனை வலி நீக்கியாகப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றவில்லை.

இளமைக் காலம்

மார்ட்டன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சார்ல்டன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளவயதில் எழுத்தராகவும் விற்பனையாளராகவும் பணிபுரிந்தார். பின்னர் பல் மருத்துவத்தில் ஈடுபட்டார். கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் என்பவரிடம் பயின்று, சிறிது காலம் அவருடன் கூட்டாகப் பாஸ்டனில் தொழில் நடத்தினார்.

1844 இல் எலிசபெத் விட்மன் என்பவரை மணந்தார். பல் மருத்துவத் தொழிலுக்கு அக்காலத்தில் மதிப்புக் குறைவாக இருந்தமையால் பெண் வீட்டார் தயங்கினர். மருத்துவம் பயில்வதாக மார்ட்டன் உறுதியளித்த பின்னரே அவர்கள் இசைந்தனர். அதன்படி ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். வேதியியலாளரும் மருத்துவருமான சார்லஸ் ஜாக்சனுடன் இவருக்குப் பழக்கம் ஏற்பட்டது இக்காலத்திலேயே ஆகும்.

ஈத்தர் ஆய்வுகள்

மார்ட்டன் செயற்கைப் பற்களைப் பொருத்துவதில் தேர்ச்சி பெற்றிருந்தார். அதற்குப் பழைய பற்களின் வேர்களை முழுவதுமாகப் பிடுங்க வேண்டியிருந்தது. இவ்வலிக்கு அஞ்சிப் பலர் சிகிச்சைக்கு வர மறுத்தனர். ஆகவே வலியை நீக்குவது இவருடைய தொழிலுக்கு இன்றியமையாத தேவையாயிற்று.

1844 டிசம்பரில் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தம் பல் ஒன்றைப் பிடுங்கச் செய்தார். 1845 ஜனவரியில் பாஸ்டனில் இதனைப் பலர் முன்னிலையில் செய்து காட்டியபோது, பல் பிடுங்கப்பட்டவர் வலியால் அலறினார். கூடியிருந்தோர் வெல்ஸை ஏளனம் செய்தனர். இந்நிகழ்வை மார்ட்டன் நன்கு அறிந்திருந்தார்.

அதன்பின் மார்ட்டன் விலங்குகள் மீதும், பின்னர் தம் மீதும் ஈத்தரைச் சோதித்தார். தூய்மையான ஈத்தரையே பயன்படுத்த வேண்டும் என ஜாக்சன் இவருக்கு அறிவுரை கூறினார். 1846 செப்டம்பர் 30 ஆம் நாள் மாலையில் எபன் பிராஸ்ட் என்பவருக்கு ஈத்தர் கொடுத்து, வலியின்றிப் பல்லைப் பிடுங்கினார். இச்செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனை அறிந்த இளம் அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ, மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சோதனை நடத்த வாய்ப்பு ஏற்படுத்த உதவினார்.

அக்டோபர் 16, 1846

சோதனை நாளன்று காலை, மருத்துவமனையின் குவிமாடத்தின் கீழ் அமைந்திருந்த அறுவை அரங்கில் மருத்துவர்களும் மாணவர்களும் கூடியிருந்தனர். கில்பர்ட் அபட் என்னும் இளைஞரின் தாடைக்குக் கீழே இருந்த கட்டியை அகற்ற மூத்த அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் காத்திருந்தார். குறித்த நேரத்தில் மார்ட்டன் வரவில்லை. ஈத்தரில் நனைத்த பஞ்சு வைக்கப்பட்ட கண்ணாடிக் கோளமும் வாயில் பொருத்தும் குழலும் கொண்ட கருவி இறுதி நேரம் வரை செப்பனிடப்பட்டுக் கொண்டிருந்தமையே தாமதத்திற்குக் காரணம். வாரன் கத்தியைக் கையில் எடுக்கும் வேளையில் மார்ட்டன் வந்து சேர்ந்தார்.

சில நிமிடங்கள் ஆவியை உள்ளிழுத்த அபட் மயக்கமுற்றார். வாரன் கட்டியை அறுத்தபோது அவர் அலறவில்லை. நினைவு திரும்பிய பின்னர், கழுத்தில் ஏதோ சுரண்டுவது போன்ற உணர்வு இருந்ததாகவும் வலி தெரியவில்லை எனவும் தெரிவித்தார். மறுநாள் மற்றொரு நோயாளிக்கும் இம்முறை பயன்படுத்தப்பட்டது.

லீத்தியான் காப்புரிமை

மார்ட்டன் தாம் பயன்படுத்திய பொருள் ஈத்தர் என்பதை வெளியிடவில்லை. நிறமும் மணமும் சேர்த்து அதனை மறைத்து, லீத்தியான் எனப் பெயரிட்டார். உள்ளடக்கம் தெரியாத மருந்தைப் பயன்படுத்துவது மருத்துவ நெறிக்கு முரணானது என்பதால், மருத்துவமனை மேற்கொண்டு இதனைப் பயன்படுத்தத் தயங்கியது. நவம்பர் 7 ஆம் நாள் இளம்பெண் ஒருவரின் காலை அகற்ற வேண்டியிருந்தது. பொருளின் பெயரை வெளியிட்டாலன்றி அனுமதி இல்லை என மருத்துவர்கள் வலியுறுத்தினர். மார்ட்டன் உண்மையைக் கூறினார். கால் அகற்றும் சிகிச்சை ஈத்தர் மயக்கத்தில் வெற்றிகரமாக நடைபெற்றது.

1846 நவம்பர் 12 ஆம் நாள் ஜாக்சன், மார்ட்டன் ஆகிய இருவர் பெயரிலும் அமெரிக்கக் காப்புரிமை (எண் 4848) வழங்கப்பட்டது. இதன் வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஜாக்சனுக்கு உரியது என உடன்பாடு செய்யப்பட்டது. ஆனால் பொருள் ஈத்தரே என அறியப்பட்டதும், கட்டணம் செலுத்தாமலேயே அனைவரும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1846 டிசம்பர் 21 ஆம் நாள் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈத்தர் மயக்கத்தில் ஒரு காலை அகற்றினார்.

கண்டுபிடித்தவர் யார் என்னும் பூசல்

ஈத்தர் புகழ் பெற்றதும் பலர் உரிமை கோரினர். கருத்து தம்முடையது எனவும், மார்ட்டன் தம் அறிவுரையை நிறைவேற்றியவர் மட்டுமே எனவும் ஜாக்சன் வாதிட்டார். உள்ளிழுக்கும் வாயுவால் வலியைப் போக்கும் முறையைத் தாமே முதலில் கண்டறிந்ததாக வெல்ஸ் கூறினார். மனநலம் குன்றிய வெல்ஸ் 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். ஜார்ஜியா மாநில மருத்துவர் க்ராபர்ட் லாங், 1842 மார்ச் 30 அன்றே ஈத்தர் கொடுத்துக் கழுத்துக் கட்டி ஒன்றை அகற்றியிருந்தார். ஆனால் 1849 வரை அவர் அதனை இதழ்களில் வெளியிடவில்லை.

பிரெஞ்சு அறிவியல் கழகம் 5000 பிராங்க் பரிசை ஜாக்சனுக்கும் மார்ட்டனுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்க முடிவு செய்தது. தாமே தனியாகக் கண்டுபிடித்தவர் எனக் கூறி மார்ட்டன் பகிர்வை ஏற்க மறுத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இவருக்கு 1,00,000 டாலர் வழங்கும் திட்டம் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டது. வெல்ஸுக்காகக் கனெடிகட் உறுப்பினர்களும், லாங்குக்காக ஜார்ஜியா உறுப்பினரும், ஜாக்சனுக்காக அவருடைய ஆதரவாளர்களும் எதிர்த்து நின்றமையால் அது ஒருமுறையும் நிறைவேறவில்லை.

பின்னர் மார்ட்டன் காப்புரிமையை மீறியதாக நியூயார்க் கண் மருத்துவமனை ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தார். ஏற்கனவே அறியப்பட்ட பொருளை, ஏற்கனவே அறியப்பட்ட முறையில் உள்ளிழுக்கும்போது தோன்றும் புதிய விளைவைக் கண்டறிவது மட்டும் காப்புரிமைக்குப் போதாது எனக் கருதிய நீதிமன்றம், 1862 இல் காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

உள்நாட்டுப் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மார்ட்டன் வடக்கு மாநிலங்களின் படையில் தன்னார்வலராகப் பணியாற்றினார். பிரெடரிக்ஸ்பர்க் உள்ளிட்ட போர்க்களங்களில் காயமுற்ற வீரர்களுக்குத் தாமே ஈத்தர் கொடுத்து மயக்கமுறச் செய்தார்.

இறுதிக் காலம்

நெடுநாள் வழக்குகளாலும் தொழிலைக் கைவிட்டமையாலும் மார்ட்டன் கடனில் மூழ்கினார். 1868 இல் ஜாக்சனுக்கு ஆதரவான கட்டுரை ஒன்று வெளிவந்ததைக் கண்டு மனம் கொதித்து, மறுப்புத் தெரிவிக்க நியூயார்க் சென்றார். கடும் வெயில் நிலவிய ஜூலை 15 ஆம் நாள், மனைவியுடன் குதிரை வண்டியில் செல்லும்போது சென்ட்ரல் பூங்காவில் நினைவிழந்து வீழ்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் பயனின்றி உயிர் துறந்தார். அப்போது இவருக்கு வயது 48. கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

கால வரிசைப்படி லாங்கும் வெல்ஸும் மார்ட்டனுக்கு முற்பட்டவர்கள். வேதியியல் அறிவில் ஜாக்சன் இவரை விட மேம்பட்டவர். ஆயினும் தோல்வியுற்றால் நகைப்புக்கு ஆளாக நேரும் என அறிந்தும், ஐயத்துடன் நோக்கிய மருத்துவர்கள் முன் செய்து காட்டி அவர்களை ஏற்கச் செய்தவர் மார்ட்டனே. அவர் அதனைக் கமுக்கமாக வைத்திருக்க இயன்றிருந்தால் ஈத்தர் இத்துணை விரைவில் பரவியிருக்காது. பொருள் எளிதில் கிடைப்பதாக இருந்ததும், மருத்துவமனை அதன் பெயரை வெளியிடச் செய்ததும் உலகிற்கு நன்மையாக அமைந்தன. மார்ட்டனுக்கோ அவையே பொருள் இழப்பாயின.

பாஸ்டன் பொதுப் பூங்காவில் 1868 இல் எழுப்பப்பட்ட ஈத்தர் நினைவுச் சின்னத்தில், உரிமை கோரிய நால்வருள் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. சோதனை நடந்த அரங்கு ஈத்தர் குவிமாடம் என்னும் பெயருடன் பாதுகாக்கப்படுகிறது. அக்டோபர் 16 ஆம் நாள் உலக மயக்கவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.