குவைத்: நாடாளுமன்றத்தைக் கலைக்காத அமீர்

குவைத்தில் 1963 ஜனவரியில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் 50 உறுப்பினர்கள் தெரிவாயினர். அரசைக் கடுமையாக விமர்சித்துவந்த அரபு தேசியவாதி அகமது அல்-கத்தீபும் அவர்களில் ஒருவர். பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இருக்கவில்லை. அது 2005இல்தான் கிடைத்தது.

அத்தேர்தலுக்கு வழிவகுத்தவர் அமீர் ஷேக் அப்துல்லா அல்-சாலிம் அல்-சபா. 1938இல் அவர் தலைமை வகித்த சட்டப்பேரவையை அன்றைய ஆட்சியாளர் ஷேக் அகமது சில மாதங்களிலேயே கலைத்துவிட்டார். 1950இல் ஆட்சிக்கு வந்த அப்துல்லாவின் காலத்தில், 1961இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு ஒப்பந்தம் முடிவுக்கு வந்து குவைத் சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு அரசியலமைப்புக்கு அவர் ஒப்புதல் அளித்தார்.

1964 இறுதியில், வணிகர்கள் இடம்பெற்ற அமைச்சரவையை உறுப்பினர்கள் எதிர்த்தனர். அவையைக் கலைக்கும் அதிகாரம் அமீருக்கு இருந்தது. ஆனால் மாறியது அமைச்சரவைதான்.

1965 நவம்பரில் அவர் காலமானார். பின்வந்த அமீர்கள் 1976, 1986, 2024 ஆகிய ஆண்டுகளில் அவையைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நிறுத்திவைத்தனர்.