குசினிக்குள் ஒரு பழைய படைவீரர்

தவக்காலத் தியானங்களில் சகோதரர் லோரன்ஸின் பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். சட்டி பானை கழுவும்போதும் கடவுளோடு பேசிக்கொண்டிருந்த மடத்துச் சமையற்காரர் என்று சொல்வார்கள். அவர் போர் தின்ற ஊரிலிருந்து வந்தவர் என்பதை மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள். எனக்கு அவருடைய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெற்றோர் வைத்த பெயர் நிக்கொலா ஏர்மான். 1614 அளவில் லொரேன் பிரதேசத்தில், லுனேவில் நகருக்கு அருகே பிறந்தார். இன்று அது கிழக்குப் பிரான்ஸ். அன்று தனிக் குறுநாடு; முப்பது ஆண்டுப் போரில் வெவ்வேறு படைகள் மாறி மாறி மிதித்த நிலம். அந்த மண்ணின் ஓவியர் ஜாக் கல்லோ 1633இல் வெளியிட்ட போர்ச் சித்திரங்களில் கொள்ளைபோகும் வீடு, எரியும் ஊர், ஒரே மரத்தில் தொங்கும் பல உடல்கள் என எல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு அவற்றை யாரும் விளக்கத் தேவையில்லை.

நிக்கொலா படையில் சேர்ந்தார். ஜெர்மன் படையினர் அவரைப் பிடித்து, ஒற்றன் என்று சந்தேகித்து, தூக்கில் போடுவதாக மிரட்டிப் பின்னர் விட்டனர். ரம்பர்வில்லேயில் சுவீடன் படை தாக்கியபோது காயப்பட்டு வீடு திரும்பினார்.

பிறகு பாரிஸில் ஒரு பெரிய மனிதரிடம் ஏவலாளாக இருந்தார். கைபட்டதெல்லாம் உடைந்தது. 1640இல் அங்குள்ள கார்மேல் மடத்தில் துணைச் சகோதரராகச் சேர்ந்தார். குசினி வேலை கிடைத்தது. அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை அது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதைச் செய்தார்.

தியானங்களில் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. மடத்துக்குள் வந்தவுடன் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. முதல் பத்து ஆண்டுகள் நரகவேதனை. பழைய பாவங்கள் கண்முன் நின்றன. தான் மீட்பை இழந்தவன் என்றே நீண்ட காலம் நம்பினார். ஜெபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களிடம் சுலபமாகச் சொல்லிப் போகிறவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளைப் படிக்கவேண்டும்.

ஒரு கட்டத்தில், இந்தக் கலக்கம் சாகும்வரை தீராவிட்டாலும் பரவாயில்லை, கடவுள்மீது கொண்ட அன்புக்காகவே வாழ்வேன் என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகுதான் மனம் இறங்கியது. அருள் அவருக்கு வந்த விதம் அதுதான். வேதனை முடியட்டும் என்று காத்திராமல், அதற்குள் நின்றுகொண்டே தெரிவுசெய்தார்.

அதன்பின் அவர் செய்ததெல்லாம் சின்ன விடயங்கள். தாச்சியில் முட்டையைப் புரட்டுவதைக்கூடக் கடவுளுக்காகச் செய்தார். வேலை தொடங்குமுன் உதவி கேட்பார். முடிந்ததும் நன்றி சொல்வார். நினைவு சிதறினால் தன்னை நொந்துகொள்ளாமல் திரும்பிவிடுவார். தவறினால் ஒப்புக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார். குசினிச் சத்தத்துக்கும் கோவில் அமைதிக்கும் அவருக்குள் வித்தியாசம் இல்லாமற்போனது.

மடத்துக்கு வைன் வாங்க அவரை பர்கண்டிக்கு அனுப்பியதையும் சொல்லவேண்டும். வியாபாரம் தெரியாது. நடையோ நொண்டல். படகில் அங்குமிங்கும் போக பீப்பாய்கள்மேல் உருளவேண்டியிருந்தது. இது உமது வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போனார்; காரியம் முடிந்தது. புனிதர்களின் கதைகளில் இப்படிச் சிரிப்பு வரும் இடங்கள் குறைவு.

கால் குணமாகவில்லை. சுமார் 25 ஆண்டுகள் வலித்து, கடைசியில் புண்ணாகியது. குசினியில் நிற்கமுடியாமற்போக, இருந்து செய்யக்கூடிய வேலையாகச் செருப்புத் தைக்கக் கொடுத்தார்கள். அதிலும் அதே பழக்கந்தான். ஆலோசனை கேட்டுப் படித்த குருமார் அந்தத் தொழிலாளியிடம் வந்தார்கள். நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார். வலி நீங்கவேண்டும் என்பதைவிட, அதைத் தாங்கும் பலத்தைக் கேட்கும்படி அவர்களுக்குச் சொன்னார்.

1691 பெப்ரவரி 12ஆம் திகதி பாரிஸில் இறந்தார். அவரோடு உரையாடிய ஜோசப் தெ போஃபோர் என்ற குருவானவர் அந்தக் கடிதங்களையும் உரையாடல் குறிப்புகளையும் அடுத்த சில ஆண்டுகளில் நூலாக்கினார். கத்தோலிக்கரைவிடப் புரட்டஸ்தாந்துக்காரர்தான் அதை அதிகம் கொண்டாடினார்கள். எங்கள் ஊர்களில் இரு சபையாரிடமும் அந்தச் சின்னப் புத்தகம் இருக்கிறது.